சார்ஜ் ஏறுகிறது, சதவீதம் இறங்குகிறது

பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவரிடம் எதைப் பற்றியும் பேச்சுக் கொடுக்கலாம். கம்பெனி பிடித்துக்கொள்ளும் கமிஷன், சில்க் போர்டு நெரிசல், ஊரில் மழை உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பதில் வரும். ஓட்டுநர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்காரராக இருந்துவிட்டால் தமிழிலேயே வரும். ஆனால் பின்சீட்டிலிருந்து, "அண்ணா, என் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டால் மட்டும் ஒரு தயக்கம் தெரியும். கஞ்சத்தனம் இல்லை. அந்த ஒயரில் தொங்குவது அவருடைய அன்றைய பிழைப்பு. போன் அணைந்தால் லாகின் போச்சு. லாகின் போனால் டூட்டி இல்லை.

2013-ல் ஊபர் இந்தியாவுக்குள் நுழைந்தது பெங்களூர் வழியாகத்தான். ஓலாவின் தலைமையகமும் இங்கேதான். 2022-இன் கடைசியில் ஆட்டோக்களுக்காக இங்கே தொடங்கிய 'நம்ம யாத்ரி' பிறகு கார்களுக்கும் வந்தது. ஒன்றில் சவாரி வராவிட்டால் இன்னொன்றில் வரும் என்ற கணக்கில் ஒரே டேஷ்போர்டில் இரண்டு போன் நிற்பது இந்த ஊரில் சாதாரணக் காட்சி. காலையில் எரியத் தொடங்கும் திரை இரவு வண்டியை நிறுத்தும்வரை எரிந்துகொண்டே இருக்கும். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது: 2020-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநரின் கவனம் சிதறாதவரை, வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கின்றன.

அந்தத் திரையின் மூலையில் ஒரு விந்தை நடக்கும். ஹெப்பாளில் ஏறும்போது 46 சதவீதம், பக்கத்தில் மின்னல் குறி. மாரத்தஹள்ளியில் இறங்கும்போது 41, மின்னல் குறி அப்படியே இருக்கும். ஒயர் மாட்டியிருக்கிறது, சார்ஜ் ஏறுவதாகப் போன் சொல்கிறது, எண் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. "சார்ஜர் டூப்ளிகேட் சார்" என்பார் ஓட்டுநர். பாதி நேரம் அவர் சொல்வது சரி. மீதிப் பாதியில் சார்ஜர் குற்றமற்றது. மின்சாரத்தை வேண்டாமென்று தள்ளுவது போனேதான்.

முதலில் செலவைப் பார்ப்போம். இன்றைய சராசரி போனின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர்-மணி. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 19 வாட்-மணி சொச்சம். வெயிலில் தெரிவதற்காகத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, வரைபடத்தை ஓடவிட்டு, டேட்டாவும் இணைந்திருக்க, நடுநடுவே வாடிக்கையாளரின் அழைப்பையும் எடுத்தால் போன் 4 வாட், 5 வாட் என்று இழுக்கும். சார்ஜர் இல்லாவிட்டால் நாலு மணி நேரத்தில் காலி.

இந்தச் செலவுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, நேரம்தான் கணக்கு. காருக்கு பெட்ரோல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போகும். போனுக்குச் சார்ஜ் நிமிடத்துக்கு இவ்வளவு என்று போகும். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் குறியீட்டின்படி பெங்களூரில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. உலக நகரங்களில் இது மூன்றாவது இடம். 4.5 வாட் வீதம் 34 நிமிடம் என்றால் இரண்டரை வாட்-மணி, அதாவது பேட்டரியில் 13 சதவீதம். அதே பத்து கிலோமீட்டரைக் கால் மணி நேரத்தில் கடக்க முடிகிற ஊரில் 6 சதவீதத்தோடு போய்விடும். நெரிசல் பெட்ரோலைக் குடிப்பது எல்லோருக்கும் தெரியும். போனையும் குடிக்கிறது.

இந்தச் செலவில் பழி சுமப்பது பெரும்பாலும் ஜி.பி.எஸ். "ஜி.பி.எஸ். ஆன் பண்ணினா சார்ஜ் நிக்காது" என்பது ஊரறிந்த வாசகம். அது முழு நியாயமில்லை. போனிலுள்ள ஜி.பி.எஸ். அலைவாங்கி எதையும் அனுப்புவதில்லை. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலை தரைக்கு வந்து சேரும்போது அதன் வலு ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சுகிறது. இந்த முணுமுணுப்பு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று நாலைந்து செயற்கைக்கோள்களுக்குக் கணக்குப் பார்த்து, நாம் ஹெப்பாள் மேம்பாலத்தில் நிற்கிறோம் என்று போன் கண்டுபிடித்துவிடுகிறது. மேலேயா கீழேயா என்பதில்தான் அதற்குச் சந்தேகம் வரும்.

2010-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஆரன் கேரலும் கெர்னோட் ஹைசரும் ஒரு போனைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக மின்செலவை அளந்தார்கள். அந்தக் காலத்து ஜி.பி.எஸ். சில்லுகூட 150 மில்லிவாட் அளவில்தான் நின்றது. திரையின் பின்விளக்கு முழு வெளிச்சத்தில் 400 மில்லிவாட்டைத் தாண்டியது. மொத்தத்தில் பெருந்தீனிக்காரர்கள் திரையும் செல்பேசி அலைவரிசைப் பகுதியும்தான் என்பது அவர்கள் முடிவு. இன்றைய சில்லுகள் இன்னும் சிக்கனமானவை. திரைகளோ பலமடங்கு பெரியவை. ஜி.பி.எஸ். செய்கிற தப்பு ஒன்றே ஒன்று: தான் வேலை செய்யும்போது திரையையும் செயலியையும் டேட்டாவையும் தூங்கவிடாமல் கூடவே விழிக்க வைக்கிறது.

இந்த வானத்து முணுமுணுப்புகளில் சிலவற்றுக்குப் பெங்களூரோடு நேரடி உறவு உண்டு. மைசூர் சாலையை ஒட்டிய பியாலாலு கிராமத்தில், சந்திரயான்-1-க்காக எழுப்பிய 32 மீட்டர் தட்டு ஆன்டெனா இருக்கும் அதே வளாகத்தில், இஸ்ரோவின் வழிகாட்டு மையமும் இருக்கிறது. 2013-ல் தொடங்கப்பட்ட அந்த மையம் நம் நாட்டின் 'நாவிக்' செயற்கைக்கோள்களின் நேரத்தையும் இருப்பிடத்தையும் கணித்துத் தருகிறது. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-01, இந்தியாவிலேயே செய்த அணுக்கடிகாரத்தைச் சுமந்து போனது. சாதாரணப் போன்கள் எளிதில் கேட்கக்கூடிய எல்-1 அலைவரிசையையும் நாவிக்குக்கு அதுதான் கொண்டுவந்தது.

இனி வரவு. காரில் மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. இன்ஜின் சுழலும்போது பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டரும் சுழன்று 14 வோல்ட்டுக்கு அருகே மின்சாரம் தருகிறது. (சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். இவற்றைச் செய்து பெயர் எடுத்த நிறுவனம்.) சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர் அல்லது அதற்கு மேல். அதாவது 120 வாட்டுக்குக் குறையாமல் எடுக்கலாம். போனுக்குத் தேவை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

செலவும் அற்பம்தான். ஒரு நாளில் பத்து மணி நேரம், 10 வாட் வீதம் போனுக்கு ஊட்டுவதாக வைப்போம். நூறு வாட்-மணி. இன்ஜின், ஆல்டர்னேட்டர், சார்ஜர் என்று வழியெல்லாம் நடக்கும் இழப்பைக் கழித்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அதற்காக எரியும் பெட்ரோல் நூறு மில்லிலிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு டீக்கடை டம்ளர் அளவு, சுமார் பத்து ரூபாய். வீட்டு மின்சாரத்தில் ஒரு ரூபாய்கூட ஆகாது என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் போதவில்லை? மின்சாரம் வரும் பாதையில் எதுவுமே இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதில்லை என்பது முதல் காரணம். அந்தத் துளை, பெயரே சொல்வதுபோல, சிகரெட் பற்றவைக்க வந்தது. சூடான சுருளைச் சில விநாடி தாங்கிப் பிடிப்பதற்கான குழி. அதில் இன்று நாம் செருகும் சார்ஜரின் நுனியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. நேர்முனையோடு தொடர்பு விடக்கூடாது என்பதற்காக வைத்தது. அந்த ஸ்பிரிங்கே சார்ஜரை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டும் இருக்கிறது. பெங்களூரின் குழிகளில் வண்டி குதிக்கக் குதிக்க அது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெளியே வந்து, மின்னல் குறி அணைந்து அணைந்து எரியும். ஓட்டுநர் கையால் ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டு சிக்னல் தள்ளி மறுபடி தட்டுவார்.

போன் பக்கத்து முனையும் இரவல்தான். யு.எஸ்.பி. 1996-ல் வந்தபோது கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்காகவே வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் படித்த அஜய் பட். 5 வோல்ட், கேட்காமல் எடுக்க அனுமதி 0.1 ஆம்பியர், கேட்டு வாங்கினால் 0.5 ஆம்பியர். மவுஸுக்கு அதுவே ராஜபோகம். ஆனால் பெருக்கிப் பார்த்தால் 2.5 வாட்தான் தேறுகிறது. பல கார்களில் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் யு.எஸ்.பி. துளை இன்னமும் இந்த ரகம். பென் டிரைவ் போட்டுப் பாட்டுக் கேட்க வைத்தது. அதில் போனை மாட்டினால் வரவு 2.5, செலவு 4.5. மணிக்குப் பத்து சதவீதம் வீதம் பேட்டரி இறங்கும். மின்னல் குறியோ 'வாசலில் மின்சாரம் வந்திருக்கிறது' என்பதை மட்டுமே சொல்லும். வந்தது போதுமா என்பது அதற்குத் தெரியாது.

துளையின் 14 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பதும் சாமானிய வேலை இல்லை. ஒரு மின்தடையைக் குறுக்கே வைத்து மிச்சத்தை எரித்துத் தள்ளலாம் என்று பார்த்தால், போனுக்கு 10 வாட் போவதற்குள் 17 வாட்டுக்கு மேல் வெப்பமாகப் போய், சார்ஜர் தோசைக்கல் ஆகிவிடும். அதனால் உள்ளே ஒரு மின்னணு சுவிட்ச் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. மொத்த நேரத்தில் நூற்றுக்கு 36 பங்கு திறப்பு, மீதி மூடல். அந்தத் துடிப்புகளை ஒரு செம்புச் சுருளும் மின்தேக்கியும் சமப்படுத்தினால் சீரான 5 வோல்ட். இழப்பு பத்து, பதினைந்து சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. மலிவுச் சார்ஜரைச் செருகியதும் காரின் எஃப்.எம். ரேடியோ கரகரவென்றால், காதில் விழுவது இந்தச் சுவிட்சின் இரைச்சல்தான். அதை அடக்கும் வடிகட்டிக்கு ஆகும் சில ரூபாயை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இதுபோன்ற மின்சக்திச் சில்லுகளுக்குப் பேர்போன டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் கடை விரித்தபோது, அதன் செயற்கைக்கோள் ஆன்டெனா மாட்டுவண்டியில் வந்து இறங்கிய கதையை இந்த ஊர்ப் பொறியாளர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அடுத்து நடப்பது பேரம். அவென்யூ சாலைக்குப் பக்கத்தில் எஸ்.பி. ரோடு என்று சொன்னால் மின்னணுப் பொருள் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு யு.எஸ்.பி. மீட்டர் கிடைக்கிறது. சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் எண்ணாகத் தெரியும். போனை மாட்டியவுடன் அதைக் கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். முதலில் 5 வோல்ட், சொற்ப ஆம்பியர். ஒரு கணம் கழித்து, நல்ல சார்ஜராக இருந்தால், சட்டென்று 9 வோல்ட்டுக்குத் தாவும். அந்தக் கணத்தில் இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். டைப்-சி ஒயரில் இதற்கென்றே ஒரு தனிக் கம்பி உண்டு. "என்னிடம் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9 வோல்ட்டில் 3 ஆம்பியர், 15 வோல்ட்டில் 2 ஆம்பியர் இருக்கிறது" என்று சார்ஜர் பட்டியல் வாசிக்கும். "9-ஐக் கொடு" என்று போன் கேட்கும். கேட்ட பிறகே கிடைக்கும். சார்ஜர் தானாக எதையும் திணிப்பதில்லை. 65 வாட் சார்ஜரை மாட்டினால் போன் வெடித்துவிடும் என்ற பயம் அதனால்தான் வீண். தாங்குகிற அளவைத்தான் போன் கேட்கும்.

பேரம் படிய ஒரே மொழி பேச வேண்டும். இங்கேதான் நம் ஊர்ப் போன்களின் தலைவலி. பெட்டியில் '67 வாட்', '80 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் பல கம்பெனிகளின் வேக சார்ஜிங் அவரவர் வீட்டு மொழி. 2014-ல் ஒப்போ கொண்டுவந்த 'வூக்' முறை இதற்கு நல்ல உதாரணம்: மின்னழுத்தத்தை உயர்த்தாமல் மின்னோட்டத்தைக் கூட்டுகிற வழி, அதற்கென்று சார்ஜர், அதற்கென்று ஒயர். அந்த வழியில் ஒரு புத்திசாலித்தனமும் உண்டு. மின்னழுத்தத்தை மாற்றுவதால் எழும் வெப்பத்தைப் போனுக்கு வெளியே, சார்ஜரிடமே விட்டுவிடுகிறது. ஆனால் அந்தப் போனைப் பொதுவான கார் சார்ஜரில் மாட்டினால், மொழி புரியாமல், இருவருக்கும் தெரிந்த பழைய 5 வோல்ட் பாஷைக்கு இறங்கிவிடும். 80 வாட் போனுக்கு 10 வாட்டோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். போன் கம்பெனியின் கார் சார்ஜரையே வாங்குவது, இல்லையென்றால் போன் எந்தப் பொது மொழியைப் பேசும் என்று விவரக்குறிப்பில் பார்த்து அதற்கேற்ற 'பி.டி.' அல்லது 'பி.பி.எஸ்.' சார்ஜரை வாங்குவது, இவ்விரண்டைத் தவிர வேறு வழியில்லை.

ஒயரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, சிக்னலில் நூறு ரூபாய்க்கு விற்கும்போது யோசிக்கவும் தோன்றாது. பழையது ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தடித்த ரப்பருக்குள் நாலு வண்ணக் கம்பிகள். சிவப்பையும் கறுப்பையும் உரித்தால் தலைமுடி கனத்தில் சில செம்பு இழைகள். இவ்வளவு கனமான உறைக்குள் இவ்வளவுதானா உலோகம் என்று ஏமாற்றமாக இருக்கும். 28 கேஜ் எனப்படும் அந்த மெல்லிய கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, வர ஒன்று என்பதால் ஒரு மீட்டர் ஒயருக்கு 0.42 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் காணாமல் போகும். 5 வோல்ட் கிளம்பி 4.15 வோல்ட்டாகப் போய்ச் சேரும். லித்தியம் பேட்டரி முழுதாக ஏற 4.2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். மின்னழுத்தம் சரிவதைக் கண்டதும் போன் உஷாராகி, இழுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பின்சீட்டுவரை நீளும் மூன்று மீட்டர் ஒயரில் நிலைமை எப்படியென்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஒரு மீட்டர் நீளத்தில், அதைவிடத் தடித்த 22 கேஜ் கம்பி போட்டால் இழப்பு கால் பங்குக்கு வந்துவிடும். எனக்குத் தெரிந்து, இருநூறு முந்நூறு ரூபாயில் ஓட்டுநர் பார்க்கக்கூடிய மிகப் பெரிய முன்னேற்றம் குட்டையான, கனத்த ஒயர்தான்.

நல்ல சார்ஜர், ஒத்த மொழி, கனத்த ஒயர் எல்லாம் அமைந்தும் ஏப்ரல் மதியத்தில் சதவீதம் இறங்கும். இப்போதுதான் போனே மறுக்கும் கட்டம். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், குளிர்ச்சியான ஊர் என்று பெங்களூருக்கு ஒரு பெயர் உண்டு. அதே ஊர் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி செல்சியஸைப் பார்த்தது. காருக்குள் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

போனின் இரண்டு முகங்களையும் சேர்த்தால் அதன் பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர். அசையாத காற்றில் அத்தனை பரப்பு, சூழலைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் கால் வாட் அளவு வெப்பத்தைத்தான் வெளியேற்ற முடியும். போன் தன் வேலைக்குச் செலவழிக்கும் 4 வாட் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். சார்ஜ் ஏற்றுவதில் விரயமாகும் ஒன்றரை வாட்டையும் கூட்டுங்கள். ஐந்தரை வாட்டை வெளியேற்ற, போன் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 22 டிகிரி சூடாக வேண்டும். டேஷ்போர்டு மேலே காற்று 33 டிகிரி என்றால் போன் 55.

இதில் வெயிலைச் சேர்க்கவில்லை. டேஷ்போர்டில் நிற்கும் போனின் திரை ஓட்டுநரைப் பார்க்கிறது. முதுகு முன்கண்ணாடியைப் பார்க்கிறது. கண்ணாடியைக் கடந்து வரும் வெயிலைச் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று அடக்கமாகவே வைத்தாலும், கறுப்பு உறை போட்ட அந்த முதுகில் நேராக விழுந்தால் 5 வாட்டுக்கு மேல் உள்ளே இறங்குகிறது. போன் தானாக உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமமான இன்னொரு பங்கு இது. சார்ஜர் மின்சாரத்தை ஊட்டும் அதே வீதத்தில் சூரியன் சூட்டை ஊட்டுகிறது என்றால் மிகையில்லை. திரை மங்குவது, வரைபடம் திக்கித் திக்கி நகர்வது, "வெப்பம் அதிகம், சார்ஜிங் நிறுத்தப்பட்டது" என்ற அறிவிப்பு, இவையெல்லாம் இந்தக் கணக்கு அத்துமீறும்போது போன் எடுக்கும் தற்காப்பு.

தற்காப்பு என்பது சும்மா சொல்லவில்லை. 2006-ல் சோனி செய்த லேப்டாப் பேட்டரிகள் தீப்பிடித்து, லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மறுவருடம் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது: பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் ஏற்றும் வேகத்தையோ மின்னழுத்தத்தையோ குறை, 60-ஐத் தாண்டினால் ஏற்றவே ஏற்றாதே. லேப்டாப்புக்கு எழுதியதுதான், ஆனால் ஏறத்தாழ எல்லாப் போன்களும் இதன் சாயலில்தான் நடக்கின்றன. பேட்டரியை ஒட்டி ஒரு சின்ன வெப்ப உணரி சதா அளந்துகொண்டிருக்கிறது. அது கை காட்டினால், வெளியே எவ்வளவு வாட் காத்திருந்தாலும் கதவு மூடிக்கொள்ளும்.

காரணம் வேதியியல். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையிலுள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் அமர்கின்றன. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டு. பேட்டரி உயிரோடு இருப்பதே அதனால்தான். அது தடித்துக்கொண்டே போனால் பேட்டரி சாவதும் அதனால்தான். வெப்பம் ஏற ஏறப் படலம் தடிக்கும் வேகம் கூடுகிறது. லித்தியம் அதில் சிக்கி வீணாகிறது. மின்பகுதிரவம் சிதைந்து வாயு கிளம்புகிறது. "பேட்டரி உப்பிப்போச்சு" என்று சர்வீஸ் கடையில் சொல்வது இந்த வாயுவைத்தான். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரிக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஆக, நூறு சதவீதத்திலேயே, ஐம்பது டிகிரிக்குப் பக்கத்தில், நாள் முழுக்க ஒயரில் தொங்கும் ஓட்டுநரின் போன், பேட்டரிக்கு எது எது ஆகாதோ அத்தனையையும் ஒரே இடத்தில் அனுபவிக்கிறது.

மருந்து காருக்குள்ளேயே இருக்கிறது. போன் ஸ்டாண்டை டேஷ்போர்டிலிருந்து எடுத்து ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டினால், வெயிலும் விலகுகிறது, காற்றும் வீசுகிறது. வீசும் காற்று அதே பரப்பிலிருந்து இரண்டு, மூன்று மடங்கு வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். 22 டிகிரி ஏறவேண்டிய இடத்தில் பத்துக்குள் அடங்கும். 55-ல் தவித்த போன் 35-க்கு இறங்கி, மூடிய கதவைத் தானே திறந்து, மறுபடி முழு வேகத்தில் இழுக்கத் தொடங்கும். சார்ஜரை மாற்றவே வேண்டியதில்லை. ரப்பர் உறையைக் கழற்றினால் இன்னும் நல்லது. வரைபடத்தை இருள் நிறத்துக்கு மாற்றினால், ஓ.எல்.இ.டி. திரையில் செலவும் குறையும், சூடும் குறையும். காரிலேயே பெரிய திரை இருந்தால் வரைபடத்தை ஒயர் வழியாக அதற்கு அனுப்பிவிட்டுப் போன் திரையை அணைத்துவிடலாம். ஒயரில்லாத சார்ஜிங் தட்டை மட்டும் வெயில் காலத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். காந்தப்புலத்தின் வழியே சக்தி தாவும்போது விரயமாவதில் கணிசமான பங்கு போனின் முதுகிலேயே வெப்பமாக விழுகிறது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. ஏ.சி. போட்டால் எரிபொருள் போகும். போனுக்கான நூறு மில்லிலிட்டர் எங்கே, ஏ.சி. குடிப்பது எங்கே. 2024 ஏப்ரலில் ஐதராபாத் வாடகைக் கார் ஓட்டுநர்கள், கிடைக்கிற கட்டணத்துக்கு ஏ.சி. கட்டுப்படியாகாது என்று இயக்கமே நடத்தினார்கள். சவாரி இல்லாத நேரத்தில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கும் ஓட்டுநரைக் குறைசொல்ல முடியாது. ஜன்னல் காற்றும் காற்றுதான். போன் வெயிலில் இல்லாமல் இருந்தால் அதுவே பெருமளவு போதும். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும்போது போனை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. மூடிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளியைவிடச் சராசரியாக 22 டிகிரி கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே கூடிவிடுகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். அரிசோனாவில் 2018-ல் வெளியான ஆய்வில், கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரி 69 டிகிரியைத் தொட்டது. நம் வெயில் அவ்வளவு இல்லைதான். ஆனால் சார்ஜ் ஏற்றவே கூடாத அந்த 60 டிகிரியை எட்ட அவ்வளவு தேவையும் இல்லை.

சூடேறிய போனை ஐஸ் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. வேண்டாம், உள்ளே ஈரம் பூக்கும். ஒயரைக் கழற்றி, திரையை அணைத்து, நிழலில் பத்து நிமிடம் விட்டால் தானே ஆறும்.

நாள் முழுக்க ஒயரிலேயே இருக்கிற போனுக்கு இன்னொரு வசதி மெதுவாகப் பரவி வருகிறது. போனில் கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்த இதை 'பைபாஸ் சார்ஜிங்' என்கிறார்கள். இதை இயக்கினால் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேராகத் திரைக்கும் செயலிக்கும் போகும். பேட்டரி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏற்றுவதால் உண்டாகும் சூடும் இல்லை. விலை உயர்ந்த சில போன்களிலும் விளையாட்டுக்கென்றே விற்கும் போன்களிலும் இது இருக்கிறது. ஓட்டுநர்கள் வாங்கும் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன்களில் பெரும்பாலும் இல்லை. அவற்றில் பலவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு உண்டு. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் தேடினால் கிடைக்கும். 80-ல் நின்றுவிட்டால், ஏற்றுவது அத்தோடு நின்று, போன் பெரும்பாலும் சார்ஜரின் தயவிலேயே ஓடும். ஓட்டுநருக்கு அன்றன்றைக்கு வேண்டியது அதுதான். மீதி இருபதை ராத்திரி வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.